மாமாவின் ராஜநாகம்

மனிதனைக் களைத்துப்போக வைப்பதில் மியூசியத்துக்கு நிகரான இடம் இன்னும் கட்டப்படவில்லை. மலை ஏறினால் கால்தான் வலிக்கும். கல்யாண வீட்டில் அலைந்தால் இடுப்பு வலிக்கும். மியூசியத்தில் கால், இடுப்பு, கழுத்து, கண் எல்லாம் முறைப்படி வலித்து முடிந்த பிறகு, "இன்னும் ஒரு ஹால் பாக்கியிருக்கு" என்று யாராவது சொல்வார்கள். நான் திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். இருந்தும் அந்த மியூசியத்துக்குள் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன். ஒரு தடவை செத்த பாம்போடு. இன்னொரு தடவை மாமா குடும்பத்தோடு. பாம்போடு போனதுதான் சுகமான பயணம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு ஒரு சர்க்கார் ஆபீஸில் புதிதாகக் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. ஆரியசாலையில் மிளகாய் மண்டி ஒன்றின் மாடியில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். (வருகிறவர்கள் கதவைத் தட்ட வேண்டியதில்லை. படியேறும்போதே தும்முவார்கள், நாங்கள் கதவைத் திறந்துவிடுவோம்.)

அம்மாவின் தம்பி சங்கரலிங்கம் பிள்ளை வித்துராவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மலைமேல் இருந்த டீத் தோட்டங்களுக்கெல்லாம் அவர் கடையிலிருந்துதான் அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் போகும். யுத்தத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததும் மாமாவின் மதிப்பு ஏறிப்போயிற்று. வெயில் அடிக்கும்போது மழை பெய்கிறது என்று அவர் சொன்னாலும், கடை வாசலில் பையோடு நிற்பவர்கள் குடையை விரித்துக்கொள்வார்கள்.

மாமாவின் ஒரே மகள் கோமதி எனக்கு முறைப்பெண். நெடுமங்காட்டில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி நாலாம் பாரம் வரை படித்தவள். அவளை எனக்குத்தான் கொடுப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மாமாவும் அப்படித்தான் நினைத்திருந்தார், தென்காசியில் அரிசி மில் வைத்திருக்கும் ஒரு குடும்பம் பெண் கேட்டு ஆள் அனுப்பும் வரைக்கும். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு வந்தாலே மாமா மூக்குப்பொடி டப்பாவைத் தேட ஆரம்பித்தார்.

இந்தச் சமயத்தில்தான் மாமா அரிசி மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்குள் ஒரு பாம்பு புகுந்தது. மாமா அதை அடித்துக் கொன்றார். அது ராஜநாகம் என்று அன்று சாயங்காலமே வித்துரா முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் மறுக்கவில்லை. (அரிசி.)

பாம்பை அடித்தவர்கள் சாதாரணமாக அதைப் புதைத்துவிட்டுக் குளிப்பார்கள். மாமா குளிக்கவில்லை, எனக்கு ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது, பாம்பு ஒரு மண்ணெண்ணெய் டின்னுக்குள் கல்லுப்பும் வேப்பிலையுமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மேலே தோட்டத்தில் ஹெட் கிளார்க் ஒருவர் இருந்தார். அவர் எப்போதோ ஒரு காட்டெருமைக் கொம்பை மியூசியத்துக்குக் கொடுத்திருந்தார். அங்கே அதன் கீழே அவர் பெயரைக் கார்டில் அச்சடித்து வைத்திருந்தார்கள். சாமான் வாங்க வரும்போதெல்லாம் அந்தக் கொம்பை அவர் மாமாவின் வயிற்றில் ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் போவார்.

"ஏ சொக்கு, நாம கண்ணை மூடுன பொறவு நம்ம பேரை எவன் சொல்லுவான்? அந்தாளு பேரு கண்ணாடிக்குள்ள இருக்கு, கேட்டியா. வெள்ளக்காரன்கூட நின்னு வாசிச்சிட்டுப் போறானாம்" என்றார் மாமா. பிறகு டின்னை என் பக்கம் தள்ளினார். "நீ இங்கிலீஷ் படிச்சவன். இதை அங்க வைக்க ஒரு ஏற்பாடு பண்ணு. பொறவு மத்த காரியம் பேசலாம்."

மத்த காரியம் என்பது கோமதி. அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அத்தை ஆவுடையம்மாள், அதாவது மாமாவின் மனைவி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். மாமா திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் டின்னைக் காலடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் பஸ் நின்றது. நாங்கள் இறங்கித் தள்ளினோம். உப்பும் வேப்பிலையும் தங்கள் கடமையை நெடுமங்காடு வரைக்கும் செய்தன. அதற்குப் பிறகு பஸ்ஸில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு டின்னோடு மியூசியத்துக்குப் போனேன். அங்கே தங்கக் கண்ணாடி போட்ட ஓர் உத்தியோகஸ்தர், நல்ல மனிதர், டின்னுக்குள் ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பார்த்தார். "இது சேரயாணல்லோ" என்றார். மலையாளத்தில் சேர என்றால் நம் சாரைப் பாம்பு. எலி பிடித்துத் தின்று, யாரையும் தொந்தரவு செய்யாமல், வரப்போரம் போய்க்கொண்டிருக்கும் அதே சாரை. படம் விரித்த மாதிரி தலை தட்டையாக இருக்கிறதே என்று பணிவாகக் கேட்டேன். அடித்த அடியில் நசுங்கித் தட்டையாகிவிட்டது என்று அதைவிடப் பணிவாகச் சொன்னார். அவர்களிடம் ஏற்கெனவே நல்ல சாரை இருக்கிறதாம், தலையோடு. "சாரமில்லா, வச்சிட்டுப் போய்க்கோ" என்றார், அதாவது பரவாயில்லையாம். நானும் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த தடவை மாமாவைப் பார்த்தபோது என்ன ஆயிற்று என்று கேட்டார். "கொடுத்துட்டேன் மாமா, வாங்கிக்கிட்டாங்க" என்றேன். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. மேற்கொண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா கடையிலிருந்த எல்லோருக்கும் கல்கண்டு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கல்கண்டு வாயில் இருக்கும் கூட்டத்திடம் சாரையைப் பற்றிப் பேசுகிற துணிச்சல் எனக்கு இல்லை. (எனக்கும் ஒரு கட்டி கொடுத்தார். அது கரையவே நேரமாயிற்று.)

பங்குனி உற்சவத்தில் சுவாமியைக் கடலில் நீராட்டும் ஆறாட்டுக்குத் திருவனந்தபுரம் வரப்போவதாகவும், குடும்பத்தோடு மியூசியம் பார்க்கப்போவதாகவும் மாமா சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அவர் மட்டும் வந்தால் ஏதாவது ஒரு பாம்பைக் காட்டி, இதுதான் பாம்பு, இதுதான் கார்டு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். கோமதி நாலாம் பாரம். அவளுக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோரையும் பாம்பு ஹாலுக்கு முன்னாலேயே களைப்பாக்கிவிடுவது. நடக்க வைத்து, வெயிலில் நிறுத்தி, படியேற வைத்து, "போதுமப்பா, வீட்டுக்குப் போவோம்" என்று அவர்களே கெஞ்சும்படி செய்வது. அந்த வயதில் அது எனக்கு ராஜதந்திரமாகத் தோன்றியது.

வருங்கால மாப்பிள்ளை செருப்போடு போனால் நன்றாக இருக்காது என்று ஆபீஸ் சிநேகிதனிடம் ஒரு ஜோடி பூட்ஸ் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவன் கால் என் காலைவிடச் சின்னது என்பது பழவங்காடி வரும்போதே தெரிந்துவிட்டது. அங்கே பிள்ளையார் கோவிலில் மாமா தேங்காய் உடைத்தார், தன் பாம்புக்கு நல்லபடியாகப் பெயர் வந்ததற்காக. நானும் ஒன்று உடைத்தேன், காரணம் சொல்லாமல். பிள்ளையாருக்கு அன்று காலையிலேயே தலைவேதனை.

முதலில் மிருகங்களிடம் அழைத்துப் போனேன். புலியைப் பார்த்தோம். அது வெயிலுக்குப் படுத்திருந்தது. எழுந்து நடக்கிற வரைக்கும் காத்திருப்போம் என்றேன். புலி எழுந்திருக்கவில்லை. குரங்குக் கூண்டைச் சுற்றி, மான்களைச் சுற்றி, மறுபடியும் புலியிடம் வந்து, பறவைகளிடம் போனோம். தோட்டத்தில் மேட்டுப் பாதையாகப் பார்த்துக் கூட்டிப் போய், "இங்கிருந்து பார்த்தா நல்லாருக்கும்" என்றேன். என்ன நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

நான் ஒரு விஷயத்தை மறந்திருந்தேன். மாமா தினமும் காலையில் டீத் தோட்டங்களுக்குப் போய் ஆர்டர் வாங்கி வருபவர், மலை ஏறி, மலை இறங்கி, வெறுங்காலோடு. சமதரையில் நடப்பது அவருக்கு உட்கார்ந்திருப்பதற்குச் சமானம். அத்தையோ மேட்டுக்கு மேடு தண்ணீர் சுமந்தவள். கோமதி ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மத்தியானம் மரநிழலில் புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்த்தபோது, அந்த நால்வரில் களைத்துப் போயிருந்தவன் நான் ஒருவன்தான். பூட்ஸைக் கழற்றினால் திரும்பப் போட முடியாது என்று பயந்து, கழற்றாமலே உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்போதும் கால் உள்ளே தனியாக அழுதுகொண்டிருந்தது.

"உமக்கு முடியலேன்னா இங்கனயே இரும், அத்தான். நாங்க பாத்துட்டு வாறோம்" என்றாள் கோமதி.

பதறிப்போய் எழுந்தேன்.

கட்டிடத்துக்குள் போனதும் என் திட்டத்தின் அடுத்த பகுதி. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் நிறுத்தி விளக்கம் சொன்னேன். வண்ணத்துப்பூச்சிகள், சிப்பிகள், கற்கள், முட்டைகள். எனக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. கார்டில் இருந்ததை வாசித்து, இல்லாததைச் சேர்த்துக்கொண்டேன். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று, அது கடலில் எப்படி மூச்சுவிடும் என்று நான் விவரித்ததை, அந்தத் திமிங்கிலம் கேட்டிருந்தால் அப்போதே மூச்சை விட்டிருக்கும். அத்தை எல்லாவற்றுக்கும் "அப்படியா" என்றாள். மாமாவின் கண் மட்டும் அடுத்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

காட்டெருமைக் கொம்பைக் கண்டுபிடித்தவரும் மாமாதான். கோமதி கார்டை வாசித்து, ஹெட் கிளார்க்கின் பெயர் இருக்கிறது என்றாள். மாமா கொம்பை மேலும் கீழும் பார்த்தார். "இது செத்த மாட்டுல அறுத்துது" என்றார். அப்புறம் அவரைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை.

பாம்பு ஹாலுக்குள் நுழைந்தோம். ஆறாட்டுக்கு வந்திருந்த நாட்டுப்புறத்துக் கூட்டம் ஏராளமாக இருந்தது. முதலைப் பெட்டியில் சாய்ந்துகொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு காலின் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மறுகாலுக்குக் குனிவதற்குள் மாமாவின் குரல் கேட்டது.

"இதான்."

ஹாலின் நடுவில், பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள், நிஜமான ராஜநாகம் ஒன்று படமெடுத்து நின்றது. பாடம் செய்து வைத்திருந்தார்கள். பட்டணத்தில் படிக்கிற மகனை முதல்தடவை பார்க்க வந்த தகப்பன் மாதிரி மாமா அதைப் பார்த்தார்.

"நல்லா வச்சிருக்காங்க. தலையைக்கூட நிமித்திட்டாங்க, பாரு" என்றார் அத்தையிடம். பிறகு, "கோமதி, வாசி" என்றார்.

கோமதி குனிந்தாள். கார்டில் யாரோ ஒரு காட்டிலாகா துரையின் பெயர் இருந்தது. அவள் அதை மனசுக்குள் வாசித்தாள் என்பது உதடு அசைந்ததில் தெரிந்தது. தலையை நிமிர்த்தி என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் ஒரு காலில் பூட்ஸும் ஒரு கையில் பூட்ஸுமாக முதலையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். என் முகத்தில் அவள் என்ன வாசித்தாளோ தெரியாது. மறுபடியும் குனிந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ராஜநாகம். வித்துரா சங்கரலிங்கம் பிள்ளை அவர்கள் கொடுத்தது."

"'அவர்கள்'னு போட்டிருக்கானா?"

"போட்டிருக்குப்பா."

(இங்கிலீஷில் 'அவர்கள்' எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.)

அதோடு வீட்டுக்குப் புறப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். மாமா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். தான் யார் என்று சொன்னார். சங்கதியைச் சொல்ல ஆரம்பித்தார், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக. கிட்டங்கி இருட்டு, மூட்டைகளுக்கு நடுவே சீறல், படம் எழும்பி மாமாவின் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. கூட்டம் நெருங்கி வந்தது. மாமா மேல்துண்டை உதறி, பாம்பு எப்படிப் பாய்ந்தது என்று காட்டினார். ஒரு அம்மாள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எனக்கே தெரியும் அது சாரை என்று. எனக்கே பயமாக இருந்தது.

கூட்டம் கூடியிருக்கிறதே என்று பார்க்க, தங்கக் கண்ணாடி உத்தியோகஸ்தர் உள்ளே வந்தார். எல்லோரையும் விட்டுவிட்டு, அவர் கண் நேராக என் மேல் விழுந்தது. பழைய சிநேகிதனைக் கண்டதுபோல முகம் மலர்ந்தது.

"நிங்ஙளல்லே மண்ணெண்ணெய் டின்னில் அந்த சேரயும் கொண்டு வந்தது?"

பூட்ஸ் பிடித்திருந்த கையைத் தூக்கி வேண்டாம் என்று ஜாடை காட்டினேன். அவர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். கூட்டமும் கூடியிருந்ததால் அவருக்குப் பாடம் நடத்தும் உற்சாகம் வந்துவிட்டது. இதுதான் நிஜ ராஜநாகம், இதன் படம் இப்படி இருக்கும். இந்தத் தம்பி வித்துராவிலிருந்து ஒரு சாரையைக் கொண்டுவந்தார், யாரோ பயந்துபோய் அதன் தலையை அடித்தே தட்டையாக்கியிருந்தார்கள். பாவம், சாரை ஒன்றும் செய்யாது, எலியைத்தான் பிடிக்கும், அதைக் கொல்லக் கூடாது என்று மலையாளத்தில் நிதானமாக எடுத்துச் சொன்னார். மாமாவுக்குத் தமிழைவிட மலையாளம் நன்றாகத் தெரியும்.

கூட்டத்தில் ஒரு கிழவர் மாமாவிடம் மரியாதையாகக் கேட்டார். "அப்போ பிள்ளைச்சேட்டன் கொன்னது சேரயோ?"

மாமா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். கோமதியைப் பார்த்தார். அவள் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தார். நான் பூட்ஸைப் பார்த்தேன். பிறகு உத்தியோகஸ்தரிடம், அந்தப் பாம்பை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார். தோட்டத்தில் ரோஜாச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டதாகவும், செடி இப்போது நன்றாகப் பூக்கிறது என்றும் அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் மாமா அந்தச் செடி எங்கே என்று விசாரித்துப் போய் நின்றார். நாங்களும் பின்னால் நின்றோம். செடியில் உண்மையிலேயே பூ நிறைய இருந்தது. கடைசியில் அத்தைதான் வாயைத் திறந்தாள்.

"அது சாரைன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். சொன்னா கேட்டாத்தானே. வேணும்னா இதுல ஒரு கார்டு நட்டு வைக்கச் சொல்லுங்க."

திரும்பும்போது மாமா ஒரு வண்டி பிடித்து, வண்டிக்காரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டியில் மிச்சமிருந்த இடத்தில் அத்தையும் கோமதியும் உட்கார்ந்தார்கள். என்னை யாரும் ஏறச் சொல்லவில்லை. இரண்டு பூட்ஸையும் கையில் பிடித்துக்கொண்டு, ஆரியசாலை வரைக்கும் வெறுங்காலோடு வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தேன். அன்று நடந்த நடையில் அதுதான் வலிக்காத நடை. தென்காசி மில்காரன் மகன் குதிரை வண்டியில் வந்து இறங்குவது மட்டும் வழியெல்லாம் கண்ணுக்குள் தெரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்துச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வித்துரா பஸ்ஸுக்குப் புறப்படும்போது மாமா அம்மாவிடம் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இந்தத் தடவை அது என் முறை.

"எக்கா, தென்காசிக்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லிவிடப் போறேன். உம் மவன் வாயைத் திறக்காமலே பொய் சொல்லுதான். எம் மவ வாசிச்சுக் காட்டிப் பொய் சொல்லுதா. இவளை அடுத்த குடும்பத்துல கொண்டு விட்டா அந்தக் குடும்பம் என்னத்துக்கு ஆகும்? ரெண்டையும் ஒரே வீட்டுல போட்டுருவோம். கெட்டா நம்ம வீட்டோட கெட்டுப் போகட்டும்."

அம்மா அழுதாள். (மிளகாய் நெடியாகவும் இருக்கலாம்.) ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாமா தன் பாம்புக் கதையைச் சாகும்வரை விடவில்லை. வித்துராவில் கடைசிவரை அது ராஜநாகம்தான். மியூசியத்தைப் பற்றி மட்டும் அவர் முன்னால் யாரும் பேசுவதில்லை.

கோமதி அன்று பெட்டிக்கு முன்னால் ஆரம்பித்த வாசிப்பை நிறுத்தவே இல்லை. எங்கள் மூத்த மகள் கல்யாணத்தில் வந்த வாழ்த்துத் தந்திகளை அவள்தான் எழுந்து நின்று வாசித்தாள். எனக்கு முகமே தெரியாத ஒரு மந்திரிகூட வாழ்த்தியிருந்தார். சம்பந்தி சட்டென்று எழுந்து என்னைக் கும்பிட்டார். என் மகன் என் காதருகில் குனிந்து, "அடிச்சு வந்ததாப்பா, அம்மா வாசிச்சதா?" என்று கேட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் செய்தி வந்தாலும் பிள்ளைகள் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். மருமகள்கள்கூட வந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

இப்போது என் கண்ணில் திரை விழுந்துவிட்டது. தினமும் காலையில் பேப்பரை அவள் வாசிக்க நான் கேட்கிறேன். கிழவர்கள் இரண்டாவது காபி குடித்தால் ஞாபகசக்தி போய்விடும் என்று ஒரு டாக்டர் எழுதியிருந்தார். ரிட்டையர் ஆனவர்கள் சாயங்காலம் வீட்டுக்குக் காய்கறி வாங்கி வருவது இருதயத்துக்கு நல்லது என்று இன்னொருவர். சாயங்காலம் பேரனை விட்டு அதே பேப்பரைத் தேடச் சொன்னால் ஒன்றும் அகப்படுவதில்லை.

இன்று காலை வாசித்தாள். வயதானவர்கள் மத்தியானத்தில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் நன்றாகத் தூங்க வேண்டுமாம். இதை மட்டும் நான் யாரிடமும் கொடுத்துச் சரிபார்க்கவில்லை.